காட்டு வான்கோழியும் சிறுவாய்த் துவக்கும்

மூதுரை கற்ற மாணாக்கர் யாவரும் வான்கோழியை அறிவர். மயிலின் ஆடலைக் கண்டு தன்னையும் மயிலென எண்ணிய பேதைமைக்கு எடுத்துக்காட்டாகவே அது தமிழுலகிற் பெயர் பெற்றுள்ளது. ஆயின் வான்கோழி என இன்று வழங்கப்படும் பறவையின் தாயகம் அமெரிக்காக் கண்டமாகும். கொலம்பசு அங்குச் சென்ற 1492ஆம் ஆண்டிற்கு முன்னர் அது பழைய உலகை அடைந்ததில்லை. ஆகவே மூதுரை கூறும் பறவையும் இதுவும் ஒன்றேயெனின் அச்செய்யுள் பதினாறாம் நூற்றாண்டிற்கு முற்பட்டதாதல் இயலாது. அன்றேல் அச்சொல் முன்னர் வேறொரு பறவையைக் குறித்திருத்தல் வேண்டும். இவ்வாராய்ச்சி எவ்வாறாயினும் ஆகுக. தமிழிற் பேதைமைக்கு உவமையான இப்பறவை தன் சொந்தக் காட்டில் ஏமாற்றுதற்கு மிக அரிய பறவையெனப் புகழ் பெற்றிருத்தல் வியப்பிற்குரியது.

இப்பறவை அழிவின் விளிம்புவரை சென்று மீண்ட வரலாறும், அதனை வேட்டையாடும் துவக்கின் வாய் அண்மைக் காலத்திற் சிறுத்த வரலாறும் ஒருங்கு வைத்து நோக்கத்தக்கன. வேட்டையை வரம்பிற்குள் நிறுத்துவது கருவியின் சிறுமையா, கருவியை ஏந்தியவனின் மனக்கட்டுப்பாடா என்னும் வினாவிற்கு இவ்விரு வரலாறுகளும் சேர்ந்தே விடை தருகின்றன.

பறவையின் இயல்பு

லின்னேயசு என்னும் சுவீடிய அறிஞர் 1758ஆம் ஆண்டில் இதற்கு மெலியாகிரிசு கல்லோபாவோ எனப் பெயரிட்டார். மயிலும் இதுவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. கிழக்குக் காடுகளில் வாழ்வது, புளோரிடாவில் வாழ்வது, இரியோ கிராண்டே நிலத்தது, மெரியம், கூல்ட் என்பாரின் பெயர்களைத் தாங்கியவை, தென் மெக்சிக்கோவிற்குரியது என இவ்வினத்தில் ஆறு வகைகள் உள. வீட்டு வான்கோழி இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்ட வகையின் வழிவந்தது. மெக்சிக்கோ நாட்டின் பழங்குடிகள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதனைப் பழக்கி வளர்த்தனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்பானியர் அதனை ஐரோப்பாவிற்குக் கொண்டு சென்றனர். துருக்கியரின் நாடுகள் வழியாக வந்த கினிக்கோழியோடு இதனை மயங்கிய ஆங்கிலேயர் இதற்கும் துருக்கியின் பெயரையே இட்டனர். பின்னர் அமெரிக்காவிற் குடியேறிய ஆங்கிலேயர் வீட்டு வான்கோழியைத் தம்முடன் கப்பலிற் கொண்டு சென்றபொழுது, அதன் இனத்தவை அங்குக் காடெங்கும் நிறைந்திருக்கக் கண்டனர்.

காட்டுச் சேவல் பெரும்பாலும் 16 முதல் 24 இறாத்தல் வரை நிறையுடையது. பேடு அதிற் பாதியளவே. சேவலின் மார்பிலிருந்து மயிர்க்கற்றை போன்ற தாடியொன்று தொங்கும். பகலில் நிலத்தில் இரைதேடி, இரவில் உயர்ந்த மரங்களில் அடைவது இதன் வழக்கம். இதன் பார்வை மிகக் கூரியது. அசையாதிருக்கும் மனிதனைப் பொருட்படுத்தாது கடந்து செல்லினும் செல்லும், விரலொன்று அசையின் அக்கணமே மறைந்துவிடும். பெஞ்சமின் பிராங்கிளின் 1784ஆம் ஆண்டில் தம் மகளுக்கு எழுதிய கடிதத்தில், நாட்டின் சின்னமாகக் கொள்ளப்பட்ட கழுகினும் வான்கோழியே மதிப்பிற்குரிய பறவையென வேடிக்கை கலந்து வாதாடினார்.

அழிவு

குடியேற்றக் காலத்தில் வான்கோழிகள் எண்ணிறந்தனவாக இருந்தன. பறவை ஓவியர் ஓடுபன் தமது பெருநூலின் முதலாம் படமாக வரைந்ததும் காட்டு வான்கோழிச் சேவலையே. கென்ரக்கியில் 25 முதல் 30 இறாத்தல் நிறையுள்ள சிறந்த பறவை கால் டொலருக்கு விற்கப்படினும் அது நல்ல விலையெனக் கருதப்பட்டதை அவர் குறித்துள்ளார். அவர் விவரிக்கும் பொறியொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. மரத்துண்டுகளை அடுக்கிக் கூடொன்று அமைத்து, அதன் ஒரு பக்கத்தில் நிலத்தைத் தோண்டி வழிவிட்டு, அவ்வழி நெடுகச் சோளத்தைத் தூவுவர். குனிந்து சோளம் பொறுக்கிக்கொண்டே கூட்டினுட் புகுந்த பறவைகள், அஞ்சித் தலைநிமிர்ந்தபின் மேலேயே வழி தேடுமன்றித் தாம் வந்த பள்ளத்தை நோக்கா. ஒரே பொறியில் ஒரு கூட்டம் முழுவதும் அகப்படுதல் உண்டு.

பொறியன்றி வேறு முறைகளும் இருந்தன. நிலவொளியில் மரத்தில் உறங்கும் பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். முட்டையிடும் காலம், குஞ்சு வளர்க்கும் காலம் என்ற வேறுபாடின்றி ஆண்டு முழுவதும் கொன்றனர். கொன்றவற்றை நகரச் சந்தைகளுக்கு அனுப்பினர். இவற்றோடு காடழிப்பும் சேர்ந்தது. அடைவதற்கு மரமும் உண்பதற்குக் காட்டு விதைகளும் இன்றி வான்கோழி வாழமாட்டாது. அவை இரண்டும் கோடரிக்கு இரையாயின. 1904ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் முதன்முதற் காணப்பட்ட செஸ்நட் மரநோய், எஞ்சிய காடுகளிலும் பேருணவாக இருந்த அம்மரத்தைச் சில பத்தாண்டுகளுள் ஒழித்துவிட்டது.

கொனெற்றிக்கற் மாநிலத்தில் 1813ஆம் ஆண்டளவிலும், மசாசூசெற்சு மாநிலத்தில் 1851ஆம் ஆண்டிலும் இப்பறவை அற்றுப்போயிற்று. முன்னர் அது வாழ்ந்த 39 மாநிலங்களுள் 18 மாநிலங்களில் 1920ஆம் ஆண்டளவில் ஒன்றேனும் எஞ்சவில்லை. 1930களில் நாடு முழுவதும் ஏறத்தாழ 30,000 பறவைகளே இருந்தன எனச் சில மதிப்பீடுகள் கூறுகின்றன. மனிதர் எளிதிற் செல்லவியலாத தெற்குச் சதுப்பு நிலங்களும், அப்பலாச்சிய மலைகளும், ஒசார்க் மேட்டுநிலமுமே அவற்றிற்குப் புகலிடமாயின.

ஈண்டு ஒன்று ஊன்றி நோக்கத்தக்கது. இவ்வழிவின் பெரும்பகுதி நிகழ்ந்த காலத்துத் துவக்குகள் வாய்வழியே மருந்தும் சன்னமும் இட்டு இடிக்கப்பட்டவை. ஒரு முறை சுட்டபின் மறுமுறை நிரப்புதற்கு நேரம் கொள்பவை. இன்றைய துவக்கோடு ஒப்பிடின் அவை வலிகுறைந்த கருவிகளே. வலிகுறைந்த கருவியும் வரம்பற்ற கையிற் பேரழிவை விளைத்தது.

மீட்சி

அழிவைத் தடுத்தற்கு முதலில் வேண்டப்பட்டது சட்டம். மாநிலச் சட்டத்தை மீறிக் கொன்ற விலங்கு பறவைகளை மாநிலம் விட்டு மாநிலம் கடத்தி விற்றலை 1900ஆம் ஆண்டின் லேசிச் சட்டம் தடுத்தது. 1937ஆம் ஆண்டில் நிறைவேறிய பிற்மன் – றொபேற்சன் சட்டம் இதனினும் ஆழமான பயனை விளைத்தது. வேட்டைத் துவக்குகள் மீதும் தோட்டாக்கள் மீதும் விதிக்கப்பட்ட 11 வீத வரி, வனவிலங்குப் பாதுகாப்பிற்கென மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. மாநிலங்கள் வேட்டை உரிமக் கட்டணத்தை வேறு செலவிற்குத் திருப்பலாகாது என்பதும் அச்சட்டத்தின் நிபந்தனையாயிற்று. இவ்வாறு கொல்லும் கருவியே காப்பதற்கான பொருளையும் ஈட்டித் தந்தது.

பொருள் கிடைத்தும் முறை தவறியது. பண்ணைகளில் வளர்த்த வான்கோழிகளை ஆயிரக்கணக்கிற் காடுகளில் விட்டனர். அவை பெரும்பாலும் பிழைக்கவில்லை. இதன் காரணத்தை மிசூரி மாநிலத்து ஒசார்க் பகுதியில் ஆராய்ந்தவர் ஸ்டார்க்கர் லியோப்போல்ட். காட்டுத்தன்மை பழக்கத்தால் மட்டும் வருவதன்று, பிறப்பு வழியே தொடர்வது என 1944ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சிக் கட்டுரையில் அவர் காட்டினார். கலப்பினப் பறவைகள் மூளையளவிலும் நடத்தையிலும் காட்டுப் பறவைகளினின்று வேறுபட்டிருந்தன. தூய காட்டுப் பறவையின் குஞ்சு தாயின் எச்சரிக்கைக் குரல் கேட்டவுடன் அசைவற்று ஒடுங்கும். கலப்பினக் குஞ்சிடம் அவ்வுணர்வு மங்கிக் காணப்பட்டது. ஆகவே காட்டிற் பிறந்த பறவையைப் பிடித்தே வேறொரு காட்டில் விடல் வேண்டும் என்பது தெளிவாயிற்று.

ஆயின் ஏமாறாத பறவையைப் பிடிப்பது எங்ஙனம்? நீர்ப்பறவைகளைப் பிடித்தற்கு அமைக்கப்பட்ட பீரங்கி வலை இதற்குத் துணையாயிற்று. இரையுண்ணும் கூட்டத்தின்மீது சிறு வெடிகளின் விசையாற் பெருவலையொன்றை வீசும் இம்முறையால், 1951ஆம் ஆண்டில் தென் கரோலினாவில் முதன்முறையாகக் காட்டு வான்கோழிகள் பிடிக்கப்பட்டன. பின்னர் மீட்சி விரைந்தது. மிசூரியில் 1960ஆம் ஆண்டு இளவேனிலில் மூன்று நாள் வேட்டைக்கு இடமளிக்கப்பட்டபொழுது 94 சேவல்களே வீழ்த்தப்பட்டன. பிற்காலத்தில் அம்மாநிலத்து வேட்டைக்காரர் ஒரு பருவத்திற் பல்லாயிரம் சேவல்களைப் பெறலாயினர். மசாசூசெற்சில் 1972, 1973ஆம் ஆண்டுகளில் நியூயோர்க்கிலிருந்து கொணர்ந்த 37 பறவைகள் விடப்பட்டன. கொனெற்றிக்கற்றில் 1975ஆம் ஆண்டில் 22 பறவைகள் விடப்பட்டன. ஒன்றரை நூற்றாண்டிற்கு மேலாக வான்கோழி இல்லாதிருந்த அம்மாநிலமெங்கும் அவற்றின் வழித்தோன்றல்கள் பரவியுள்ளன. 1973ஆம் ஆண்டில் தேசிய காட்டு வான்கோழிச் சங்கம் நிறுவப்பட்டபொழுது பதினைந்து இலட்சமளவில் இருந்த தொகை, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறுபது இலட்சத்தைக் கடந்தது. அலாஸ்கா நீங்கலாக எல்லா மாநிலங்களிலும் இன்று இப்பறவை உண்டு.

வேட்டைமுறை

மீட்சியோடு வேட்டைமுறையும் மாறியது. இளவேனிலில் விடியற்பொழுதில், அடைந்த மரத்திலிருந்தே சேவல் பேடுகளை அழைத்து உரத்துக் கூவும். இயற்கை முறைப்படி பேடே சேவலை நாடிச் செல்லும். வேட்டைக்காரன் இம்முறையைத் தலைகீழாக்க முயல்கின்றான். இருள் நீங்குமுன் சென்று, பெருமரமொன்றின் அடியிற் சாய்ந்து, பேட்டின் குரலை எழுப்பிச் சேவலைத் தன்னிடம் வரச் செய்தலே அவன் கலை. வான்கோழியின் சிறகெலும்பாற் செய்த ஊதுகுழல் இதற்குப் பழைய கருவி. இரு மரப்பலகைகள் உராய்வதால் ஒலியெழுப்பும் பெட்டிக் கருவிக்கு ஆர்க்கன்சாவைச் சேர்ந்த கிப்சன் என்பவர் 1897ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றார். வரும் சேவல் பேட்டைக் காணாது ஐயுற்று நிற்கும், மீண்டும் அழைப்பின் திரும்பிச் செல்லும், அழையாதிருப்பினும் செல்லும். நாழிகைக்கணக்கில் அசையாதிருத்தலே இவ்வேட்டையின் கடும்பகுதி.

இளவேனில் வேட்டையிற் சேவலை மட்டும் கொல்லுதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரு சேவல் பல பேடுகளோடு கூடுவது. அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் பேடே. ஆகவே இணைசேர்ந்தபின் சில சேவல்கள் குறையினும் அடுத்த தலைமுறை குறையாது என்பது கணக்கு. அடைந்த மரத்திற் சுடுதலும் இரை தூவி அழைத்தலும் பெரும்பாலும் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளன. பறவையின் உடலைத் தடித்த இறகும் எலும்பும் காப்பதால், உடலிற் பட்ட சன்னம் அதனைக் கொல்லாது புண்படுத்தித் தப்பவிடும். எனவே தலையும் கழுத்துமே இலக்கு. இக்கட்டிலேதான் துவக்கின் வாயளவு முதன்மை பெறுகின்றது.

வாயளவும் சன்னமும்

துவக்கின் வாயளவைக் கணிக்கும் முறை விந்தையானது. ஓர் இறாத்தல் ஈயத்தைச் சம அளவான எத்தனை குண்டுகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்று குழலிற் சரியாகப் பொருந்துமோ, அத்தொகையே அத்துவக்கின் எண். ஆகவே எண் பெருகப் பெருக வாய் சிறுகும். 12ஆம் எண் துவக்கின் வாய் 18.5 மில்லிமீற்றர், 20ஆம் எண் 15.6, 28ஆம் எண் 14. இவை யாவற்றினும் சிறியதான நானூற்றுப்பத்து மட்டும் இக்கணக்கிற்குப் புறம்பாக, 0.410 அங்குலமென்னும் தன் வாயளவையே பெயராகப் பெற்றது. அஃது 10.4 மில்லிமீற்றர், இறாத்தற் கணக்கிற் கூறின் ஏறத்தாழ 67ஆம் எண்ணாகும்.

நானூற்றுப்பத்தைச் சிறுவர் பயிலும் துவக்கென்றும் அணிலையும் முயலையும் சுடும் துவக்கென்றும் மக்கள் மதித்தனர். 1933ஆம் ஆண்டில் வின்செஸ்டர் நிறுவனம் 3 அங்குலத் தோட்டாவையும் அதற்கேற்ற 42ஆம் மாதிரித் துவக்கையும் வெளியிட்டபின் அதன் வலி சிறிது உயர்ந்தது. ஆயினும் அத்தோட்டாவிற் கொள்ளும் ஈயம் ஓர் அவுன்சின் பதினாறில் பதினொரு பங்கே. 6ஆம் இலக்கச் சன்னமாயின் ஏறத்தாழ 155 சன்னங்கள். 12ஆம் எண்ணின் பெருந்தோட்டாவில் ஒன்றேமுக்கால் அவுன்சு இட்டால் அதே சன்னம் 390க்கு மேல் உண்டு. 10 அங்குல விட்டமுள்ள வட்டத்துள் நூறு சன்னங்களேனும் விழும் தூரமே சுடுதற்குரிய எல்லை என்பது வேட்டைக்காரரிடை வழங்கும் பொதுவிதி. ஈயமிட்ட நானூற்றுப்பத்திற்கு அவ்வெல்லை 20 அல்லது 25 யாரளவில், அஃதாவது ஏறத்தாழ 20 மீற்றரளவில் முடிந்துவிடும். ஆகவே சில மாநிலங்கள் வான்கோழி வேட்டையில் 20ஆம் எண்ணினும் சிறிய துவக்கை விலக்கின. பறவை புண்பட்டு வீணே மாள்வதைத் தடுத்தலே அவ்விலக்கின் நோக்கம். துவக்கு உற்பத்தியாளரும் பெரிதையே நாடினர். 1988ஆம் ஆண்டில் 12ஆம் எண்ணிற்கு மூன்றரை அங்குலத் தோட்டா வந்தது. அதன் உதைப்பு வன்மையுடையோர் தோளையும் நோகச் செய்தது.

இந்நிலையை மாற்றியது தங்குதன் எனப்படும் டங்ஸ்டன் உலோகம். ஈயத்தின் அடர்த்தி நீரைப்போல 11 மடங்கிற்குச் சற்று மேல். தங்குதன் கலப்புலோகச் சன்னத்தின் அடர்த்தி 18 மடங்கு. ஊடுருவும் வலி சன்னத்தின் அடர்த்தியையும் விட்டத்தையும் பெருக்கி வரும் அளவைப் பெரிதும் சார்ந்தது. 3 மில்லிமீற்றர் விட்டமுடைய 5ஆம் இலக்க ஈயச் சன்னத்திற்கும், 2 மில்லிமீற்றர் விட்டமேயுடைய 9ஆம் இலக்கத் தங்குதன் சன்னத்திற்கும் இப்பெருக்கம் ஏறத்தாழ ஒன்றே என்பதை மாணாக்கர் தாமே கணித்தறியலாம். சிறு சன்னமாதலால் ஓர் அவுன்சிற்கு 360 அளவிற் கொள்ளும். 5ஆம் இலக்க ஈயச் சன்னமாயின் 170 மட்டுமே. முதலில் தாமே தோட்டா நிரப்பும் ஆர்வலர் இதனைச் சோதித்தனர். 2018ஆம் ஆண்டில் பெடரல் நிறுவனம் நானூற்றுப்பத்திற்கும் தங்குதன் தோட்டாவை வெளியிட்டது. பதினாறில் பதின்மூன்று அவுன்சு கொண்ட அச்சிறு தோட்டாவில் 290க்கு மேற்பட்ட சன்னங்கள் உள. சிறுவர் துவக்கெனப்பட்டது 40 யார் தூரத்திலும் வான்கோழியை வீழ்த்தும் கருவியாயிற்று. விலக்கியிருந்த மாநிலங்கள் சிலவும் தம் விதியைத் தளர்த்தின.

எஞ்சும் வினா

இம்மாற்றத்தால் விளைந்த நன்மை மறுத்தற்கில்லை. எடையும் உதைப்பும் குறைந்த துவக்கு சிறுவருக்கும் முதியோருக்கும் உகந்தது. உதைப்பை அஞ்சாதவன் குறியும் தவறான். குறி தவறாவிடத்துப் புண்பட்டுத் தப்பும் பறவையும் குறையும். எனினும் ஓர் இழப்பும் உண்டு. முன்னர்ச் சிறுவாய்த் துவக்கை விரும்பி ஏந்தியவன் ஓர் எல்லையையும் விரும்பி ஏற்றான். சேவல் 20 யாருக்குள் வருமளவும் காத்திருத்தல், வாராவிடின் சுடாது மீளுதல் என்பனவே அவ்வெல்லை. கருவியின் குறையே அவனுக்கு ஆசானாக இருந்தது. தங்குதன் வந்தபின் துவக்கு சிறியதாகவே உள்ளது; எல்லை மட்டும் அகன்றுவிட்டது. தோற்றத்தில் அடக்கமும் ஆற்றலிற் பெருமையும் கொண்ட கருவி, தன்னை ஏந்தியவனுக்கு இனி அடக்கத்தைக் கற்பிக்கமாட்டாது.

இவ்வினா வெறும் தத்துவமன்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் உச்சத்தை எட்டிய வான்கோழித் தொகை, அதன்பின் தெற்கு மாநிலங்கள் பலவற்றிற் குறையலாயிற்று. வாழிடக் குறைவு, முட்டையையும் குஞ்சையும் தின்னும் விலங்குகள், ஈரமிக்க இளவேனில் எனக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. இணைசேருமுன்னரே சேவல்கள் வீழ்த்தப்படுதலும் ஒரு காரணமாகலாம் என ஆய்வாளர் ஐயுறுகின்றனர். 2022ஆம் ஆண்டில் ஜோர்ஜியா ஒருவர் ஒரு பருவத்திற் கொல்லத்தகும் சேவல்களை மூன்றிலிருந்து இரண்டாகவும், அலபாமா ஐந்திலிருந்து நான்காகவும் குறைத்தன. வேட்டை தொடங்கும் நாளையும் சில மாநிலங்கள் பின்தள்ளின. மீட்சி ஒருமுறை பெற்று முடிந்த வெற்றியன்று, ஆண்டுதோறும் காக்கப்படவேண்டியது என்பதை இவை உணர்த்துகின்றன.

ஸ்டார்க்கரின் தந்தையாரான அல்டோ லியோப்போல்ட் வனவிலங்கு இயலின் முன்னோடி, தாமும் வேட்டையாடியவர். அவர் மறைவிற்குப் பின் 1949ஆம் ஆண்டில் வெளியான நூலில் அவர் வேட்டைக்காரனைப் பற்றி ஓர் உண்மையைச் சுட்டியுள்ளார். விளையாட்டு வீரனைச் சூழ்ந்து புகழ்வாரும் இகழ்வாரும் உளர். காட்டில் தனித்திருக்கும் வேட்டைக்காரனுக்கோ அவன் மனச்சான்றையன்றி வேறு நடுவர் இல்லை. கருவிகள் பெருகப் பெருக அம்மனச்சான்று மழுங்குமோ என்ற அச்சமும் அவருக்கு இருந்தது. மகன் பறவையின் காட்டுத்தன்மையை ஆராய்ந்தார். தந்தை மனிதனின் கட்டுப்பாட்டை ஆராய்ந்தார். வான்கோழியின் மீட்சிக்கு இவ்விரண்டும் வேண்டியிருந்தன.

கொல்லாமையைத் தலையாய அறமெனக் கொள்ளும் மரபினர்க்கு வேட்டை உவப்பானதன்று. எனினும் கொல்லும் உரிமையுடையோரே தம்மைத் தாம் வரையறுத்து, அதற்குரிய விலையையும் வரியாகத் தந்து, ஓரினத்தை அழிவினின்று மீட்ட இவ்வரலாறு அவர்க்கும் ஒரு பாடமாகும். வாய்வழி இடித்த பழந்துவக்கு வரம்பற்ற கையில் ஓரினத்தை ஏறக்குறைய ஒழித்தது. அதனினும் பன்மடங்கு ஆற்றல் வாய்ந்த துவக்குகள் வழக்கிலிருந்த காலத்திலேயே, சட்டத்திற்கு அடங்கிய கைகள் அவ்வினத்தைத் தழைக்கச் செய்தன. ஆகவே வரம்பு துவக்கின் வாயில் இல்லை. தொலைவில் நிற்கும் சேவலை எட்டும் ஆற்றல் துவக்கிற்கு இருந்தும், இன்னும் நெருங்கட்டும் எனக் காத்திருந்து, நெருங்காவிடின் வெறுங்கையோடு வீடு திரும்புபவனிடத்திலேயே அவ்வரம்பு உள்ளது.